லிஃப்ட் ஓடாத நாள்

ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டடம் ஏழு மாடி.
அட்டவணையும் ஏழு வரிசை. நாளைக்குப் பரீட்சை.
மேலிருந்து இறங்க ஆரம்பித்தேன்.

உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்கு இருபுறமும்
இரண்டே வீடு: ஹைட்ரஜன், ஹீலியம்.
ஒரு மாடி இறங்கினால் எட்டு. அதற்கும் கீழே எட்டு.

பெயர்ப்பலகையை விடு,
வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணு.

இடது கோடி லித்தியத்துக்கு ஒரு ஜோடி.
நேர் கீழே சோடியம், அங்கும் ஒன்றுதான்.
கேட்டால் கொடுத்துவிடுகிற வம்சம்,
கீழே போகப் போக
கேட்பதற்கு முன்பே.

வலது கோடி நியான், ஆர்கான். எட்டெட்டு.
தட்டினாலும் திறக்கமாட்டார்கள்.
பக்கத்து வாசல் குளோரின்,
ஏழை வைத்துக்கொண்டு எட்டாவதற்கு அலைகிறது.
சோடியத்தின் ஒற்றை ஜோடி
ஒருநாள் அங்கே கிடந்தது.
சண்டையில்லை.
அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே பெயர், உப்பு.

நான்காம் மாடியில் ஒரு வீடு வெகுநாள் பூட்டிக் கிடந்ததாம்.
மேல்வீட்டையும் கீழ்வீட்டையும் பார்த்தே
எழுதிவைத்தார்கள்:
வரப்போகிறவர் வாசலில் நான்கு ஜோடி இருக்கும்.
வந்தார். நான்கு.

"படிக்கட்டில் என்னடி முணுமுணுப்பு?"
ஷிர்சாட் ஆன்ட்டி.

இரண்டாம் மாடி, எங்கள் வாசல்.
எண்ணுகிறேன். ஐந்து.
அப்பா இன்னும் நைட் ஷிஃப்டிலிருந்து
வரவில்லை.