எண்பது இருபது

தெற்கு மாசி வீதியில்
காப்பித்தூள் அரைவைக் கடையில்
பில் போடுகிறவள் நான்.
எண்பது இருபது, எழுபது முப்பது,
சிக்கரி சேராமல் அரைக்கிலோ,
வருகிறவர் வாய் திறக்கும் முன்னே
விரல் அடித்து முடித்திருக்கும்.
ராத்திரி என் சேலையை உதறினால்
அரை டம்ளர் தேறும் என்பார் சோலைராஜ்.

கோரிப்பாளையத்து டாக்டரம்மா
கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது.
கல்யாணமாகி? நாலு வருசம்.
நாள் தள்ளிப்போகுமா?
சம்பளம் தள்ளிப்போகும், அது போகாது.
காப்பி எத்தனை?
அங்கேதான் தடுமாறினேன்.
கடையில் ருசி பார்ப்பதைச் சேர்த்தா,
சேர்க்காமலா?

அவர் சிரிக்கவில்லை.
பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:
ஒரு டம்ளர். போனால் ரெண்டு. சின்ன டம்ளர்.
அதனால்தான் தங்கவில்லை என்று சொல்லமாட்டேன்,
அதனால் இல்லை என்றும் சொல்லமாட்டேன்.
எல்லாம் சரியாக இருக்கிற ஜோடிக்கே
மாசத்துக்கு நூற்றுக்கு இருபதுதான், பார்த்துக்கோங்க.

படி இறங்கும்போது என் வாய்
மீதி எண்பதை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மூன்று நாள் மண்டை பிளந்தது.
அறுபது நாற்பது கேட்டவருக்கு
எண்பது இருபது போட்டுக் கொடுத்தேன்.
திரும்பி வந்து சண்டை போட்டார்,
மறுவாரம் அதையே கேட்டு வாங்கினார்.
சோலைராஜும் விட்டுவிட்டதாகச் சொன்னார்,
ஷேர் ஆட்டோவை இப்போதெல்லாம்
டீக்கடை ஓரம் நிறுத்துவதே இல்லையாம்.
மீசையில் வாசனை இருந்தது.
எழுபது முப்பது, மட்டமான தூள், ஏலக்காய் போட்டு மறைத்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

திருமங்கலத்தில் ஒரு காதுகுத்து.
தட்டு என்னிடம் வந்தது,
வேண்டாம் என்றேன்.
'காப்பிக் கடைக்காரி காப்பி வேணாங்கிறா'
என்று சிரித்தவள்
பாதிச் சிரிப்பில் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினாள்:
விசேசமா?

அவ்வளவுதான்.
மின்விசிறிக்கு நேர் கீழே
எனக்கொரு நாற்காலி வந்தது.
யாரோ என் கைப்பையை வாங்கி வைத்தார்கள்.
முன்பின் தெரியாத ஓர் அத்தை
மல்லிகை ஒரு முழம் அதிகமாகக் கிள்ளி
என் தலையில் வைத்தாள்.
நான் சொன்ன இல்லை
அந்தப் பந்தியின் கடைசி இலை வரைக்கும்
போய்ச் சேர நேரமாயிற்று.
அது போய்ச் சேரும்வரை
மதுரை ஜில்லாவில் ஒரு பந்தலுக்குள்
நான் உண்டாகியிருந்தேன்.

அப்புறம் அந்த டம்ளரை வாங்கிக் குடித்தேன்.
ஆறிப்போயிருந்தது, சீனி தூக்கல்.
கணக்கில் ஒன்று.

வறுக்கிற டிரம்மை ஜன்னத் திறக்கும்போது
கொட்டைகள் படபடவென்று வெடிக்கும்.
இத்தனை வருசம் அது சத்தம், அவ்வளவுதான்.
இப்போது தோன்றுகிறது:
இனி எதுவும் முளைக்க முடியாத விதைக்குத்தான்
காலையிலிருந்து விலை போட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஜன்னத்திடம் சொல்லலாம். மூன்று பிள்ளைக்காரி.
பாவம், கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம்
பருத்திப்பால் வண்டி.
ரெண்டு டம்ளர் வாங்கினார், சுக்கு காரமாக.
'இதுவும் கொட்டைதானே' என்றார் சோலைராஜ்
ஊதிக்கொண்டே.
ஊறப்போட்ட கொட்டை, என்றேன்.
ஏனோ ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது,
வண்டிக்காரர் சில்லறையோடு காத்திருந்தார்.

இன்று இருபத்தெட்டு.
நாளை காலைக்கு
எனக்கென்று ஒரு டம்ளர் இருக்கிறது.
டிகாக்‌ஷன் இறங்கும் சத்தத்தைக்
கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்,
பார்த்துவிட்டுக் குடிப்பதா,
குடித்துவிட்டுப் பார்ப்பதா.