இருபது நிமிஷம்

ராயக்கோட்டை மண்டியில்
காலை நாலரைக்குத் தக்காளி இறங்கும்.
ஒரு பெட்டி இருபத்தைந்து கிலோ.
என் இடது முட்டியைக் கேட்டால் முப்பது என்று சொல்லும்.

ஆறு வருஷமாய் அந்த முட்டிக்கு
பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்தான் படியளந்தது.
மாத்திரையின் பேர் தெரியாது,
பச்சை அட்டை என்பேன்.
பிரகலாதன் கத்தரியால் நாலு வெட்டிக் கொடுத்து
'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்பான்.
டீக்கு அப்புறம் போடுவேன்.
சாப்பாடு பதினோரு மணிக்கு,
வலி ஐந்துக்கே வந்துவிடும்.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
ரத்தச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா
ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.
கிரியாட்டினின்.
ஓசூர் தாண்டி இருக்கிற ஏதோ ஊர்ப் பேர் மாதிரி இருந்தது.
கிட்னி களைத்துவிட்டதாம்,
இனி அந்த அட்டையைத் தொடக்கூடாதாம்.
'வலிக்குமே?'
'வலிக்கும்.'
அதற்கு மேல் என்ன கேட்பது,
கும்பிட்டு வந்தேன்.

சேதி எனக்கு முன்னாடியே மண்டிக்குப் போயிருந்தது.
எருக்கிலை என்றான் லோடு ஏற்றுகிற திம்மராயன்,
விளக்கெண்ணெய் தடவி, சுட்ட செங்கல் மேல் வாட்டி.
கணக்கெழுதும் நசீமா முடக்கத்தான் தோசை என்றாள்.
புளியும் உப்பும் குழைத்துப் பற்றுப் போடு என்று
கெம்பக்கா கன்னடத்தில் சொன்னாள்,
அதில் பாதி என்னைத் திட்டியது.
ஒருத்தன் பாக்கெட்டில் கறுப்புப் பொடி கொண்டுவந்தான்.
'என்ன இது?'
'மூலிகை.'
'என்ன மூலிகை?'
அவனுக்கும் தெரியவில்லை.
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
இலையென்றால் எல்லாம் நல்லதா,
எருக்கம்பால் கண்ணில் தெறித்தவனைக் கேளுங்கள்.

பாலக்கோடு போகிற தண்டவாளத்து ஓரம்
நொச்சி தானாக வளர்ந்து கிடந்தது.
ஒரு கை ஒடித்துவந்து குண்டானில் போட்டேன்.
தண்ணி எங்கள் தெரு போர்த் தண்ணி.
அதில்தான் எலும்பைக் கடிக்கிற ஏதோ இருக்கிறதென்று
பள்ளிக்கூடத்தில் பல் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்.
என் மகன் வாயை மூடிக்கொண்டே சிரிப்பான்,
பல்லில் மஞ்சள் கோடு.
வலி தந்த தண்ணியிலேயே
வலிக்கு மருந்து கொதிக்கிறது.
நொச்சிக்கு அதெல்லாம் தெரியுமா,
வீடு முழுக்க மணந்தது.

பொய் சொல்ல மாட்டேன்,
முட்டி கொஞ்சம் இளகியது. கொஞ்சம்தான்.
பச்சை அட்டை அரைமணியில் ஆளைத் தூக்கி நிறுத்தும்.
இதற்குத் துணியை முக்க வேண்டும், பிழிய வேண்டும்,
போட்டு ஆற வேண்டும், திரும்ப முக்க வேண்டும்.
இருபது நிமிஷம் எழுந்திருக்க முடியாது.

நான் அப்படி உட்கார்ந்து எத்தனை நாள் ஆச்சு.
சுவரில் பல்லி இருப்பதே அன்றுதான் தெரிந்தது.
பக்கத்து வீட்டு சீரியலில் யாரோ அழுதார்கள்.
மகன் எட்டிப் பார்த்தான்,
'உடம்பு சரியில்லையாம்மா?'
எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால்
அதுதான் அர்த்தம்.

அப்போது உறைத்தது.
மாத்திரை இத்தனை வருஷம்
என்னிடம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது:
எழுந்திரு, லாரி நிற்கிறது.

மறுநாள் மேஸ்திரியிடம் கேட்டேன்,
'நாலு லோடுக்கு ஒருக்கா இருபது நிமிஷம் வேணும்.'
'எதுக்கு?'
'மருந்துக்கு.'
'மெடிக்கல்ல வாங்கிக்கோயேன்.'
'அங்க கிடைக்காதுங்க.'

சென்னை லாரி ஹாரன் அடித்தது.
காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு
உட்கார்ந்துவிட்டேன்.
டீக்கடை வாணலியில் வறுத்து வாங்கிய கல்லுப்பு
பழைய துண்டில் முடிச்சாய், முட்டி மேல்,
நல்ல சூடு.
மேஸ்திரி வாட்சைப் பார்த்தார்.
நானும் அதைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.