கூப்பிட மட்டும்

நூற்று நாற்பத்தைந்து புள்ளி ஐநூறு
கூப்பிடும் அலைவரிசை. ஆள் கிடைத்ததும்
வேறிடம் நகர்ந்துவிட வேண்டும்.
வாசலை அடைத்துக்கொண்டு பேசினால்
அடுத்தவர் எப்படி நுழைவார்?

ரோம்ஸ்டால் உச்சியிலிருந்து ரன்வெய்க் கூப்பிட்டாள்.
ஐவிந் பதில் தந்தான். தூர்லெய்ஃபும்.
"ஐநூற்று இருபத்தைந்துக்கு வாங்க."
போனார்கள். அங்கே அவள் இல்லை.
குளிரில் பேட்டரி செத்திருக்கும்.

மிஞ்சியது இவர்கள் இருவர்,
படகுக்கொட்டகைத் தகராறில்
ஆறு வருஷமாய் முகம் பார்க்காதவர்கள்.

துறைமுகக் கிரேன் கூண்டில்
நான் மூச்சுவிடாமல் கேட்கிறேன்.
இரைச்சல்.
யாரோ பொத்தானை அழுத்தி, விட்டுவிட்டார்கள்.
மறுபடி இரைச்சல்.

"இறங்கிடுவாளா? காத்து ஏறுது."
"இறங்கிடுவா. கெட்டிக்காரி."

வெகுநேரம் ஒன்றுமில்லை.

"உன் சத்தம் நல்லா வருது, ஐவிந்."

கீழே லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.
கொக்கியில் மீன்பெட்டிகள்
இன்னும் அந்தரத்தில்.