வலைக்கண்

கச்சான் அடிக்கிற மத்தியானம்.
மீன்பிடித் திணைக்களத்து முற்றத்தில்
வேப்பங்கிளையிலிருந்து தொங்குகிறது
வழக்கிலக்கம் எழுதிய தங்கூசி வலை.
கண்ணளவு தெளிவாய் விழ வேண்டும்,
நீதவான் கண்ணாடி போட மாட்டார், என்கிறார்
பரிசோதகர் நிஹாரா.

முதல் நாலு படமும் காற்றுக்கே போயிற்று.
முக்காலியின் நடுத்தண்டில் பையைக் கட்டினேன்,
வலையின் காலில் இரண்டு செங்கல்.
வில்லையைத் துடைத்தால்
டச் பே உப்பு கைலேஞ்சியோடு சேர்ந்து பூசிக்கொண்டது.
முன்னும் பின்னும் எல்லாமே கூர்மையாகட்டும் என்று
துளையை இருபத்திரண்டுக்குச் சுருக்கினேன்.
இடுக்கில் நுழைந்த ஒளி
ஓரத்தில் உரசி விரிந்து
முடிச்செல்லாம் பஞ்சு.
பேராசைக்கு இதுதான்.
எட்டுக்கு வந்தேன்.

பத்தாவது படம் முடிச்சு முடிச்சாக நின்றது.
வலைக்காரர் பேரின்பராசா, திருக்கடலூர்,
சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுத் திரைக்குக் குனிந்தார்.
"இது என்ட வலை இல்ல."
நிஹாரா பேனாவை மூடினார்.
"என்ட வலையில மயில் நிறம் எங்க இருக்கு?"

படத்தில் இருந்தது.
பச்சையும் ஊதாவுமாய் அலையலையாய்,
எந்தக் கடலிலும் நனையாத வளைகோடுகள்.

என் கமராவுக்குள்ளும் ஒரு வலை.
பெரிய முத்திரை அளவில்
இரண்டு கோடியே நாற்பது இலட்சம் கண்கள்.
அதன் கண்ணும் இதன் கண்ணும் கிட்டத்தட்ட ஒத்துவந்தால்
ரெண்டும் சேர்ந்து பொய் சொல்லும்.
பழைய கமராவில் அதற்கென்றே ஒரு மென்படலம்,
எதையும் கொஞ்சம் மங்கலாக்கிவிடும்.
அது இல்லாததைத்தான்
கூடுதல் காசு கொடுத்து வாங்கினேன்.

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.
"அப்ப உங்கட கண்ணுக்கு எத்தினை அங்குலம்?"
ஆறு மைக்ரோன் என்றேன். மயிரை விடச் சின்னன்.
"அதுதான் சட்டவிரோதம்."
நிஹாராவும் சிரித்துவிட்டார்.

இரண்டடி முன்னே போனேன். நிறங்கள் போயின.
அடிமட்டத்தைப் பேரின்பராசாவே பிடித்தார்,
காற்று விடும்வரை மூச்சையும்.
கணினியில் கூர்மை கூட்டும் இடத்தைத் தொடவில்லை.
அது ஒவ்வொரு நூலுக்கும் வெள்ளைக் கரை கட்டும்;
சட்டத்தரணிக்கு அது போதும்.

இரவு பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
மேல் மூலையில், குவியத்துக்குச் சற்றுப் பின்னால்,
ஒரு கண்ணில் காய்ந்துபோன ஏதோ.
நெத்தலித் தலையாக இருக்கலாம்.
வேப்பஞ்சருகாகவும்.
அதற்குப் பத்துச் சதுரம்தான் கிடைத்திருக்கிறது.
இன்னும் பெரிதாக்கினால்
சதுரங்கள்தான் பெரிதாகின்றன.