சோளக்காட்டில் வழி

க்ரோனிங்கனுக்கு வெளியே,
செப்டம்பர் கடைசி ஞாயிறு.
புதிர்ப்பாதைக்குக் குடும்பச் சீட்டு இருபத்திரண்டு யூரோ,
ஆளுக்கொரு கோப்பை ஆப்பிள் சாறு சேர்த்து.

வியாழனிலிருந்து வீப்கே என்னோடு பேசவில்லை.
எல்லாம் ஹிட்டே வழியாகத்தான்:
"அப்பாகிட்ட சொல்லு, பூட்ஸ் டிக்கியில இருக்கு."

மக்காச்சோளம் எங்களைவிட உயரம்.
மூன்றாம் திருப்பத்தில் பையன் ஓடிவிட்டான்.
எங்கிருந்தோ சிரிப்பு மட்டும் கேட்டது.
இனித் தூதுக்கு ஆளில்லை.

அதே முறிந்த தட்டை.
அதே சேறு.
எங்கள் காலடித் தடமே
எங்களுக்கு எதிரே வந்தது.
தூறலும் பிடித்துக்கொண்டது.

"இடது பக்கமா?"
கேட்டாள்,
ஒரு கதிரைப் பார்த்தபடி.

மரமேடையில் நின்ற பெண்
மஞ்சள் கொடியால்
வலது, வலது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.
வீப்கேவுக்கும் அது தெரிந்திருக்கும்.

இடதுதான் என்றேன்.