போக்குவரத்துக் குற்றங்கள் தவிர

எண்பது சொல்லுக்குள் வேண்டுமாம்.
நிறுவனச் செயலாளர் ஹஸ்லினா
என் பழைய குறிப்பில் மஞ்சள் பூசி அனுப்பியிருக்கிறாள்.
நூற்றிருபத்தாறு இருக்கிறதாம்.
இந்த ஆண்டறிக்கையில் படங்கள் பெரிசு.

இருபத்தொன்பதாம் மாடி. கீழே
ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மழை,
வீட்டுக்குப் போகாத கார்களின் சிவப்பு.

‘திலகேஸ்வரி த/பெ ஆறுமுகசாமி,
முதலீட்டுத் துறைத் தலைவர்,
முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம்.’
இருக்கட்டும்.

‘நாணயச் சந்தையில் பணியைத் தொடங்கினார்.’
இடக்காதில் சிங்கப்பூர், வலக்காதில் ஹாங்காங்,
மேசையில் ஆறிப்போன கோப்பி ஓ.
வாங்கு என்றால் வாங்கு, விடு என்றால் விடு.
அம்மா இறந்த செய்தி
மூன்றாவது இணைப்பில் காத்திருந்தது,
பதினோரு நிமிடம்.
வெட்டலாம். குறிப்பில் இல்லவே இல்லாததை
எப்படி வெட்டுவது.

‘தொண்ணூற்றெட்டின் நெருக்கடியில்
கடன் மீட்புப் பணிகளை வழிநடத்தினார்.’
கடிதங்களில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பணம் கட்டுக,
தவறினால் பங்குகள் விற்கப்படும்.
மை தீர்ந்த ஒரு மாலை,
எதிரே உட்கார்ந்திருந்த ரெமிசியர் சியூ கோக் வா
தன் பேனாவை நீட்டினார்.
அடுத்த கடிதம் அவருக்கு.
செப்டம்பரில் ரிங்கிட்டை
மூன்று எண்பதில் ஆணியடித்தார்கள்;
ஊரே மூச்சு விட்டது.
அவர் வீடு அதற்குள் ஏலம் போயிருந்தது.
பேனாவை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

‘வங்கி இணைப்புக்குப் பின் மறுசீரமைப்பு.’
இரண்டே சொல்லாகச் சுருக்குகிறாள் ஹஸ்லினா.
நாற்பத்தொரு பேர் அதில் அடங்கிவிட்டார்கள்.

பதினேழாவது, ஞானசேகரம், கணக்குத் தீர்வுப் பிரிவு.
இரண்டு காசு உதைத்தால்
இரவு ஒன்பது வரை தேடுகிறவர்.
கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தார்.
‘கணக்கு இடிக்குது மிஸ்,’ என்றார்.
‘இருபத்திரண்டு வருசம்னு போட்டிருக்கீங்க.
இருபத்துமூணு.’
திருத்திக் கொடுத்தேன்.
கையெழுத்துப் போட்டார்.
நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனார்.

அந்த இழப்பீட்டில்
நம் பங்கு ஆயிரம் வாங்கியிருக்கிறார்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் வருகிறார்.
ஹோட்டல் மண்டபத்தில்
சாப்பாட்டு வவுச்சருக்கு நீளும் வரிசையில்
அவர் கையில் மட்டும்
ஓரம் மடங்கிய ஆண்டறிக்கை.
‘தலைவர் அவர்களே,
பக்கம் நூற்றெண்பத்தேழு, குறிப்பு இருபத்துமூன்று.’
என் பக்கம் திரும்புவதே இல்லை.
தலைவர் திரும்புவார்.
நான் எழுந்து பதில் சொல்வேன்.
சரியென்றால் உட்காருவார்.
சரியில்லையென்றாலும் உட்காருவார்,
கொஞ்சம் மெதுவாக.

‘எந்த இயக்குநருடனோ பெரும் பங்குதாரருடனோ
குடும்ப உறவு இல்லை. நல முரண் இல்லை.’
ஆயிரம் பங்கு பெரும் பங்கில்லை.
உண்மைதான், விடு.

போன வருடக் கூட்டம் முடிந்து
காரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.
நடைபாதையில் அவர்.
காகிதப் பை நனையாமல் இருக்க
ஆண்டறிக்கையைக் குடையாகப் பிடித்திருந்தார்.
இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்திக்
கண்ணாடியை இறக்கினேன்.
‘ஏறுங்க.’
பின்னால் ஹாரன்.
குனிந்து பார்த்தார்,
இருபத்திரண்டு வருசத்தில் முதல் முறையாக நேராக.
‘எல்ஆர்டி சீக்கிரம் மிஸ்,’ என்றார்.
நாலு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்தார்.
‘பக்கம் நூத்திரெண்டு. மேடையில கேக்கல.
கூட்டல் பாருங்க.’

அன்றிரவு பார்த்தேன்.
இடித்தது.

சம்மன் தபாலில் வந்தது.
நிறுத்தக்கூடாத இடத்தில் மூன்று நிமிடம்.
அபராதம் கட்டிவிட்டேன்.

எண்பத்தொன்று ஆகிறது, இன்னும் ஒரு சொல்
எடுக்க வேண்டும் என்கிறாள் ஹஸ்லினா.
‘வழிநடத்தினார்’ அதை எடுத்துக்கொள்.
கடைசி வரியில் மட்டும் கை வைக்காதே:
‘கடந்த ஐந்தாண்டுகளில்
போக்குவரத்துக் குற்றங்கள் தவிர
வேறு குற்றம் எதுவும் இல்லை.’