நான்கு நிமிடம்

யாரும் கேட்கவில்லை.
உரிமம் சுவரில் தொங்குகிறது, சட்டத்துக்கு அது போதும்.
வருடத்துக்கொரு முறை மாநிலத்து ஆள் வருவார்,
தீயணைப்பானின் தேதியைப் பார்ப்பார்,
காபி வேண்டாம் என்பார், போய்விடுவார்.

தரச்சான்று வேறு.
நானே எழுதிப்போட்டு நானே பணம் கட்ட வேண்டும்.
பனிக்கால டயருக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன்.
"வேலியில் போற ஓணானை..." என்று ஆரம்பித்தாள்
எதிர்வீட்டு ஜோலீன், அவளும் ஐந்து பிள்ளைகளைப் பார்ப்பவள்.
முடிக்கவில்லை.
என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

இருநூற்றுச் சொச்சம் கேள்விகள்.
பத்து வாரம், பிள்ளைகள் போனபிறகு,
தயிர் காய்ந்த மேசையில்.
ஆம். இல்லை. சில சமயம்.
குரலை உயர்த்துவீர்களா?
'சில சமயம்' என்று எழுதி, அடித்து,
மறுபடி
'சில சமயம்' என்றே எழுதினேன்.

டெல்ஃபீன் அஷூர் வந்த காலை மைனாட்டில் மைனஸ் இருபத்தாறு.
பெல்கோர்ட்டிலிருந்து இரண்டு மணிநேரம் ஓட்டி வந்திருந்தார்.
வாசலில் பூட்ஸைக் கழற்றினார்,
ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.
அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குட்டை நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார்.
குழாய்த் தண்ணீருக்குக் காய்ச்சல் பார்த்தார்.
ஊஞ்சலின் கீழே மண்ணின் ஆழம் அளக்க
அளவுகோலைக் குத்தினார், உறைந்த மண் மறுத்துவிட்டது.
"ஏப்ரலில் போட்டோ அனுப்புங்கள், மார்லிஸ்."

பத்தேகாலுக்கு, நாள் பார்த்து வைத்ததுபோல்,
மாரென் டாவினின் கையைக் கடித்தாள்.
பல் பதிந்த வட்டம், நல்ல அரைநிலா.
நான் மண்டியிட்டேன். கடிபட்டவனிடம் முதலில்.
ஃபிரிட்ஜின் முனகலை மீறி
மூலையில் பென்சில் ஓடுவது கேட்டது.

அவர்கள் தூங்கிய பிறகு, கிசுகிசுப்பாக,
முப்பத்தொன்றாம் பக்கம்.
வண்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும்
தலைகளை எண்ணுகிறீர்களா?
என் பதில்: ஆம். அக்டோபர் ஒன்பது முதல்.

தேதியின்மேல் விரலை வைத்தார்.
விரல் நகரவில்லை.

அன்று நூலகத்திலிருந்து திரும்பினோம்.
ஐந்து பேர் கூச்சலோடு இறங்கினார்கள்.
ஆறு பேரின் கூச்சல் அது என்று நினைத்துக்கொண்டேன்.
கை கழுவவைத்தேன், ரொட்டி வெட்டினேன்,
ஆறு தட்டு வைத்தேன்.
ஒரு தட்டின் முன்னால் ஆளில்லை.
மைக்ரோவேவ் கடிகாரத்தில் 11:52.
வண்டியைப் பூட்டும்போது 11:48.

கோட்டுகளுக்குப் பின்னால், இடுப்பில் வாரோடு,
லீஃப் தூங்கிக்கொண்டிருந்தான்.
வெயிலும் இல்லை, பனியும் இல்லை,
வானம் என்னைப் பாவம் என்று விட்டிருந்தது.
தோளில் விழித்து, சீஸ் கேட்டான்.

மாலையில் ஆஸ்பத்திரிச் சீருடையோடு அவன் அம்மா.
"இன்றைக்கு எப்படி இருந்தான்?"
"நன்றாக."

அந்த ஒரு சொல்லை
பதினைந்து மாதமாக வாயிலேயே வைத்திருக்கிறேன்,
விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல்.

யாரும் பார்க்காத தவறு அது.
அதனால்தான் பார்க்கச் சொல்லிப் பணம் கட்டினேன்.

டெல்ஃபீன் நெடுநேரம் ஒன்றும் எழுதவில்லை.
"அவன் அம்மாவுக்குத் தெரியுமா?"
தெரியாது.
"இது படிவத்தில் இருக்கும் கேள்வி இல்லை," என்றார்,
"நானாகக் கேட்டேன்."

கிளம்பும்போது பூட்ஸின் நாடாவை
தேவைக்கு மேல் நேரமெடுத்துக் கட்டினார்.
முடிவு எட்டு வாரத்தில் தபாலில் வருமாம்.
வரட்டும், வராமல் போகட்டும்.

ஐந்தரைக்குப் பனியில் இரண்டு விளக்குகள் திரும்பின.
லீஃபுக்கு ஜிப் மாட்டிவிட்டேன்,
பிறகு கழற்றினேன்.
"கொரின், ஐந்து நிமிடம் உட்கார முடியுமா?"

அறையில் வேறு இடமில்லை.
நடுவே கிடந்த அந்தக் குட்டை நாற்காலியில்
அவள் உட்கார்ந்தாள்,
காரை அணைக்காமல் வந்திருந்தாள்,
சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.